சீர்மிகு நகரத்தின் புதுச் சேரிகள்

'ஸ்மார்ட் சிட்டி' என்பதற்கு அரசாங்கம் தமிழில் வைத்திருக்கும் பெயர் 'சீர்மிகு நகரம்'. மொழிபெயர்ப்பு சரியா தப்பா என்று புலவர்கள் அடித்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தச் 'சீர்' என்கிற சொல்தான் உறுத்துகிறது. சீர்வரிசைத் தட்டு ஊர்த்தெருவில்தான் போகும். முன்னால் நின்று பறையடிக்க நம்மைக் கூப்பிடுவார்கள். தட்டைத் தொட விடமாட்டார்கள். இந்தத் திட்டத்திலும் அதேதான் நடந்தது என்கிறேன்.

2015 ஜூன் 25ஆம் தேதி தொடங்கிய திட்டம் இது. இந்தியா முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. முதலில் தேர்வான 20 நகரங்களில் சென்னையும் ஒன்று. 2025 மார்ச் 31ஆம் தேதியோடு கடையைக் கட்டிவிட்டார்கள். பத்து வருஷத்தில் எத்தனை கேமரா, எத்தனை மின்விளக்கு, எத்தனை கிலோமீட்டர் நடைபாதை என்று அவர்கள் கணக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் பக்கத்துக் கணக்கை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நாமே எழுதுவோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நகரத்துக்கு எதிரி இல்லை. கிராமத்தைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் எழுதட்டும், அவர்களுக்கு அங்கே திண்ணை இருந்தது. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நின்று, கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனசும் குடியிருக்கும் இடம் என்று பொருள்படப் பேசிய அம்பேத்கரின் பிள்ளைகள் நாம். நகரம் நமக்கு வேண்டும். அதனால்தான் இந்தச் சண்டை. நகரத்துக்குள்ளேயே ஊரும் சேரியும் மறுபடி பிரிக்கப்படுகிறது. அதற்கு வரைபடம், கணினி, உலக வங்கிப் பாஷை எல்லாம் துணைக்கு வந்திருக்கின்றன. இப்போது அதற்குப் புதிதாகப் பச்சைச் சாயமும் பூசியிருக்கிறார்கள்.

சென்னையில் இந்தத் திட்டத்துக்காகப் பொறுக்கி எடுத்த பகுதி எது? தியாகராய நகர். வியாசர்பாடி இல்லை, புளியந்தோப்பு இல்லை, கொடுங்கையூர் இல்லை. ஏற்கெனவே தங்கமும் பட்டும் கொட்டிக் கிடக்கிற தி.நகர். பாண்டி பஜாரில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் நடைபாதை வளாகம் போட்டு 2019 நவம்பரில் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. நானும் போய் நடந்து பார்த்தேன். நடக்க யார் காசு கேட்கப்போகிறார்கள்? ஆனால் 2021 நவம்பர் மழையில் அதே தி.நகர் முழங்கால் தண்ணீரில் நின்றது. அத்தனை கோடி எங்கே போனது என்று கேள்வி வந்தது. 2022இல் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் விசாரணை வைத்தார்கள். ஊழலைப் பற்றி மட்டும்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. தி.நகரில் தண்ணீர் ஏன் நிற்காமல் இருக்க வேண்டும்? அது ஏரி ஐயா!

கதை இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும் நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் தண்ணீரை வடித்து, மண்ணைக் கொட்டி, மனை போட்டு விற்றார்கள். அந்தக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பேரையே வைத்தார்கள். பனகல் பூங்கா, நாயர் சாலை, உஸ்மான் சாலை, சவுந்தரபாண்டியன் பஜார் என்று தெருவுக்குத் தெரு கட்சிக்காரர் பெயர். மிச்சம் இருந்த நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. பக்கத்தில் ஒரு குடியிருப்புக்கு இன்றைக்கும் 'லேக் ஏரியா' என்றே பெயர். எவ்வளவு நேர்மை பாருங்கள். ஏரியை மூடினதை ஒளிக்கக்கூட இல்லை, பேராகவே வைத்துக்கொண்டார்கள். அங்கே யாரையாவது 'நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்' என்று சொல்லிப் பாருங்கள், வக்கீல் நோட்டீஸ் வரும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 'ஆக்கிரமிப்பு' என்கிற வார்த்தைக்குச் சாதி இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய்க்கு உள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டார்கள். அது போக்குவரத்து. அடையாற்றுக்கு மேலேயே விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை நீட்டினார்கள். அது வளர்ச்சி. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டியும் உள்ளே புகுந்தும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் வந்தன. அது பொருளாதாரம். அதே சதுப்பில் பெருங்குடிக் குப்பையை வருஷக்கணக்காகக் கொட்டினார்கள். அதற்குப் பேர் நிர்வாகம். கால்வாய்க் கரையில் தென்னங்கீற்று வைத்து மறைத்துக்கொண்டு ஒருத்தி குழந்தை பெற்றால் மட்டும் அது ஆக்கிரமிப்பு. ரயில் தூண் தண்ணீரை மறிக்காது, அவள் அடுப்பு மறித்துவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது. செம்பரம்பாக்கம் ஏரி திறப்பில் நடந்த கோளாறுகளைச் சுட்டிக்காட்டி, இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்ன தணிக்கை அறிக்கை 2018இல்தான் சட்டமன்றத்துக்கு வந்தது. அதற்கு முன்னாலேயே தண்டனை நிறைவேற்றியாகிவிட்டது. வெள்ளம் வடிந்த கையோடு, படிப்பு வருஷம் முடியும் முன்னாலேயே, கூவம், அடையாறு கரை ஜனங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்திலும் எழில் நகரிலும் இறக்கினார்கள். வெள்ளத்தில் இருந்து காப்பாற்றுகிறோம் என்றார்கள். எங்கே கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்துத் தாழ்ந்த நிலத்தில். 2015 வெள்ளத்தில் அந்த இடமே தண்ணீரில் மிதந்தது. 2023 டிசம்பர் புயல் மழையிலும் பெரும்பாக்கம் பக்கத்தில் படகு விட்டார்கள். ஆற்றங்கரையில் இருந்தவனைச் சதுப்பங்கரையில் வைத்துவிட்டு, ஆற்றைச் சுத்தப்படுத்திவிட்டோம் என்று படம் காட்டுகிறார்கள். அந்தச் சதுப்பு 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நாளைக்கு அங்கேயும் வந்து, 'நீங்கள் சதுப்பு நில ஆக்கிரமிப்பாளர்கள், கிளம்புங்கள்' என்று சொல்லமாட்டார்கள் என்பதற்கு யார் உத்தரவாதம்?

இந்த நகரத்துக்கும் நமக்கும் இருக்கிற கணக்கு நேற்று ஆரம்பித்தது இல்லை. கோட்டை கட்டிய கம்பெனிக்காரன் காலத்திலேயே பறைச்சேரி இந்த நகரத்தின் பாகம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியதும், வெள்ளைக்காரன் வீட்டில் சமைத்ததும், பட்டாளத்தில் நின்றதும், மலம் அள்ளியதும் நம்முடைய ஆட்கள். 1921இல் பக்கிங்காம் கர்னாடிக் மில் வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. அப்போது நீதிக்கட்சித் தலைவர்கள் என்ன பேசினார்கள்? தொழிலாளர் துறை ஆதிதிராவிடருக்கு அளவுக்கு மீறிச் சலுகை கொடுப்பதுதான் காரணம் என்று பேசினார்கள். எம்.சி. ராஜா 1923இல் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார். ஒரு பக்கம் சேரி எரிந்து சாம்பலாகக் கிடக்க, இன்னொரு பக்கம் ஏரியை மூடி நகர் போட ஏற்பாடு. இரண்டும் ஒரே பத்தாண்டு. நகரமைப்பு வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டாவதை மட்டும் எழுதுகிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று எழுதியும் வைத்தார்கள். அந்தக் கட்டடங்கள் ஒழுகின, இடிந்தன, எல்லாம் உண்மை. ஆனால் மெரினா ஓரத்தில், மயிலாப்பூர் பக்கத்தில், நகரத்தின் நடுவில் நம் ஜனம் கால் ஊன்றி நிற்க முடிந்தது. 1971ஆம் வருஷச் சட்டத்தின்படி அந்த வருஷம் சென்னையில் 1,202 பகுதிகளைக் குடிசைப்பகுதி என்று அறிவித்தார்கள். அறிவித்தால் ஒரு பாதுகாப்பு. சட்டப்படி அல்லாமல் காலி செய்ய முடியாது. 1985இல் இன்னும் 17 பகுதிகள். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் ஒரு பகுதியைக்கூடப் புதிதாக அறிவிக்கவில்லை. ஜனம் பெருகியது, குடிசை பெருகியது, பட்டியல் மட்டும் பெருகவில்லை. பட்டியலில் இல்லாதவன் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கில் இருக்கிறவன். அவனை எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம். 2021இல் வாரியத்தின் பெயரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். குடிசை என்ற சொல் கௌரவக் குறைச்சலாம். சொல்லை எடுத்துவிட்டார்கள்.

2000த்தில் இருந்து நடப்பது வேறு கதை. வெள்ளத்தடுப்பு என்று சொல்லி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் போட்டார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஆரம்பத்தில் கட்டியவை இருநூறு சதுர அடிகூட இல்லை. அப்புறம் செம்மஞ்சேரி. அப்புறம் பெரும்பாக்கம், இருபதாயிரத்துக்கும் மேல். எட்டு அடுக்கு, லிப்ட் வைத்தது. அந்த லிப்ட் ஓடுகிறதா என்று அங்கே எட்டாவது மாடியில் இருக்கிற கிழவியைக் கேளுங்கள். பேர் வைப்பதில் மட்டும் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அரசனிடம் நியாயம் கேட்டு ஊரையே எரித்தவள் பேரைக் கொண்டுவந்து ஊருக்கு வெளியே வைத்தார்கள்.

சேரி என்பது என்ன? ஊருக்கு வெளியே இருக்கும், ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கும். கிணறு வேறு, சுடுகாடு வேறு. வேலை மட்டும் ஊரில். இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு கண்ணகி நகரைப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கழிவறை கழுவ, குப்பை கூட்ட, மேசை துடைக்க ஆள் எங்கிருந்து போகிறது? காலையில் அங்கே நின்று பார்த்தால் சீருடை போட்ட பெண்கள் வரிசை வரிசையாகப் போவது தெரியும். புது ஊர் வந்தது, பக்கத்திலேயே புதுச்சேரியையும் வைத்துவிட்டார்கள். அங்கே மீனவர்களும் முஸ்லிம்களும் மற்றவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கணக்கெடுத்த அதிகாரிக்கும் தெரியும்.

என் அத்தை கூவம் கரையிலிருந்து அங்கே போனவர். மயிலாப்பூர் பக்கம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "வூடு குட்த்தாங்க கண்ணு, இல்லேன்னு சொல்லல. கதவு இருக்குது, கக்கூஸ் இருக்குது. வேலை எங்க இருக்குது? இப்ப பொம்பளைங்களுக்கு பஸ் ஓசிதான். அதுக்குன்னு போவ ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்னா, ஏழு மணிக்கு வர்லேன்னா அந்தம்மா வேற ஆளப் பாத்துக்குறாங்க. நாலு வூட்டு வேலை ஒரு வூடாச்சு. அதுவும் போச்சு." அத்தை மகன் பட்டயப் படிப்பு முடித்தவன். ஒரு கம்பெனியில் எல்லாம் சரியாகப் பேசி, விலாசம் எழுதிய தாளைப் பார்த்ததும் 'அப்புறம் சொல்றோம்' என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது அவன் துரைப்பாக்கம் என்று மட்டும்தான் எழுதுகிறான். கிராமத்தில் தெருப்பெயரைக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்வான். இங்கே பின்கோடு போதும்.

2020இல் அங்கே சுவர் முழுக்கப் பெரிய பெரிய ஓவியம் வரைந்தார்கள். படம் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். ஓவியர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சுவர் ஈரம் குடித்து ஊறுகிறதே, அதைச் சரி செய்துவிட்டு வரைந்திருக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர்ப் பிள்ளை. விலாசத்தை மறைக்காமல் நின்றது அந்தப் பிள்ளை. அன்றைக்குத்தான் பல பேருக்கு அப்படி ஓர் ஊர் குற்றச் செய்திக்கு வெளியேயும் இருப்பது தெரிந்தது.

காலி செய்த கதைகளை வரிசையாகச் சொன்னால் பக்கம் போதாது. ஒன்றிரண்டு மட்டும். கூவம் சீரமைப்பு என்று பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கரையிலிருந்து எடுக்கத் திட்டம் போட்டார்கள். 2019 டிசம்பர் கடைசியில் தீவுத்திடல் பக்கம் சத்தியவாணிமுத்து நகரை இடித்தார்கள். சத்தியவாணிமுத்து யார்? தி.மு.க.வில் மந்திரியாக இருந்து, தாழ்த்தப்பட்டோருக்கு அங்கே நியாயம் இல்லை என்று 1974இல் வெளியே வந்து தனிக்கட்சி கண்டவர். அவர் பேரில் இருந்த ஊரும் மிஞ்சவில்லை. 2021 ஜூலையில், கொரோனா காலத்தில், அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகரை இடித்துப் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் குடியேற்றினார்கள். அடுத்த மாதமே அந்தப் புதுக் கட்டடத்தின் பூச்சு கையால் தொட்டால் உதிர்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரை இடிக்க வந்தபோது ஒரு பெரியவர் தன் மேல் தீ வைத்துக்கொண்டு இறந்தார். அதே பக்கிங்காம் கால்வாய்க் கரைதான். ஆட்சி மாறினாலும் பொக்லைன் மாறுவதில்லை.

நண்பர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். 'அம்பேத்கரே தனிக் குடியிருப்பு கேட்டவர்தானே, தனியாக வைத்தால் உனக்கென்ன?' என்று. கேட்டார். 1942இல் நாக்பூர் மாநாட்டில் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது நிலத்தோடு கேட்டது. சாதி இந்துவின் தயவில் பிழைக்காமல் சொந்தமாக உழுது வாழ நிலம், சொந்த அதிகாரம். உழவும் முடியாமல் நகரத்து வேலைக்கும் போக முடியாமல், எட்டாவது மாடியில் ஒரு அறையைக் கொடுத்துவிட்டு அம்பேத்கர் பேரைச் சொல்வது அயோக்கியத்தனம். இன்னும் சிலருக்குச் சிங்கப்பூர் என்றால் உயிர். சென்னையைச் சிங்கப்பூர் ஆக்குவோம் என்று பேசாத மந்திரி உண்டா? ஆக்குங்கள். சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனம் எத்தனை வீடு இருக்கலாம் என்று 1989இலேயே வரம்பு வைத்தார்கள், ஒரே இனம் ஒரே இடத்தில் ஒதுங்கிவிடக் கூடாது என்று. அந்த அரசாங்கத்தின் மேல் வேறு புகார்கள் ஆயிரம் இருக்கலாம். அங்கிருந்து மேம்பாலத்தையும் சுத்தத்தையும் மட்டும் இறக்குமதி செய்கிறவர்கள் இதை ஏன் செய்யவில்லை? பெசன்ட் நகரில் ஒரு வாரிய அடுக்குமாடி, அண்ணா நகரில் ஒன்று என்று நூறு நூறு வீடாகக் கலந்து கட்ட இடமே இல்லையா? வணிக வளாகத்துக்கு இடம் எங்கிருந்து வருகிறது?

யார் இதையெல்லாம் முடிவு செய்தார்கள் என்று பாருங்கள். சீர்மிகு நகரத் திட்டத்தை நடத்தியது மாநகராட்சி மன்றம் இல்லை. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு கம்பெனி. அதன் பலகையில் அதிகாரிகள். நம் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வந்தவன் எவனும் இல்லை. அதுவும் சென்னையில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மன்றமே கிடையாது. அந்த இடைவெளியில்தான் முக்கால்வாசி வேலையும் நடந்தது. 2022 மார்ச்சில் முதல் முறையாக ஒரு தலித் பெண், ஆர். பிரியா, மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷம்தான். ஆனால் நாற்காலி நம்மிடம் வருவதற்குள் பேனா வேறு அறைக்குப் போய்விட்டது.

அதே ரிப்பன் மாளிகை வாசலில் 2025 ஆகஸ்டில் என்ன நடந்தது? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 1 முதல் 13 நாள் தொழிலாளிகள் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் பெண்கள். கொரோனாவில் பிணம் விழுந்த தெருவைக் கூட்டியவர்கள். கேட்டது பணி நிரந்தரம். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் காலைச் சாப்பாடு இலவசம் என்று அறிவிப்பு வந்தது. வேலையைக் கேட்டவளுக்குச் சோறு! பண்ணையார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூலி கேட்டு நின்றால் பழையது ஊற்றுவார்களே, அதே கை. வேறு நகரங்களில் இதைவிட நவீனம். நாக்பூரிலும் சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் துப்புரவுத் தொழிலாளி கையில் கடிகாரம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். எங்கே நிற்கிறாள், எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று கணினி பார்த்துக்கொண்டே இருக்கும். 2013ஆம் வருஷச் சட்டத்துக்குப் பின்னாலும் குழிக்குள் இறங்கிச் சாகிறவன் எந்தக் குழியில் இருக்கிறான் என்று சொல்ல மட்டும் எந்தக் கணினிக்கும் தெரியவில்லை. செத்தால் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் முப்பது லட்சம் ஆக்கியது. சாவுக்கு விலை ஏறியது.

இனி வேலையைப் பற்றிப் பேசலாம். இதைப் படிக்கிற மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கட்டுரை எழுதிவிட்டுப் போகாதீர்கள். உங்கள் பகுதியில் ஏதாவது ஒரு கரையில் கணக்கெடுக்க ஆள் வந்திருக்கிறான் என்று தெரிந்தால் உடனே போங்கள். கைரேகை வைப்பதற்கு முன்னால், எந்தச் சட்டப் பிரிவில் எடுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த இடம் 1971 பட்டியலில் இருக்கிறதா என்று தகவல் உரிமை மனு போடுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பள்ளிக்கூட வருஷம் முடியும் வரை ஒரு குடிசையைத் தொடக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள், நீதிமன்றத்தில் உதவும். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து மூன்று பேரிடம் வைத்துக்கொள்ளுங்கள். பொக்லைன் வரும் நாளில் தாள்தான் முதலில் காணாமல் போகும். அதோடு அந்தக் கரையின் இரண்டு பக்கமும் ஐநூறு அடிக்குள் என்னென்ன பெரிய கட்டடம் இருக்கிறது, எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். அந்தப் பட்டியலை அதிகாரியின் கையில் கொடுத்து, இவர்களுக்கு எந்தத் தேதியில் லாரி வருகிறது என்று கேளுங்கள்.